ஃபோர் வீல் லீவர் விழவில்லையா? பெட்டியைப் பிரிப்பதற்கு முன்...

இயற்கை வேளாண்மை பேசுகிற இதழில் ஜீப்பு லீவருக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கலாம். தொழு உரத்தை வயல் வரைக்கும் சுமந்து சேர்ப்பவருக்கு இந்தச் சந்தேகம் வராது. ஒரு மூட்டை யூரியாவை சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுபோய்விடலாம். அதை விட்டுவிட்டு வந்த நமக்கோ எரு டன் கணக்கில் போக வேண்டும். ஜீவாமிர்தம் 200 லிட்டர் பீப்பாயில் போக வேண்டும். மாட்டுவண்டி அருகிவிட்டது. டிராக்டர் டிப்பர், நமக்குத் தேவைப்படுகிற அதே வாரத்தில்தான் ஊருக்கெல்லாம் தேவைப்படும். அதனால் மயிலாடுதுறை, குத்தாலம், மணல்மேடு பக்கம் நம் ஆட்கள் சிலர் பழைய நான்கு சக்கர இழுவை ஜீப்புகளை வாங்கி ஓட்டுகிறார்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் ஊறிய நம் களிமண் வண்டிப்பாதையில், சாதா ஜீப்பு பத்தடி போவதற்குள் அச்சு வரை உட்கார்ந்துவிடும். நான்கு சக்கரமும் இழுத்தால்தான் பிழைத்தோம்.

இந்த வண்டிகளில் அதிகம் வரும் புகார் ஒன்றுதான்: “லீவர் விழலை.” அல்லது, “விழுந்துச்சு, இப்ப வர மாட்டேங்குது.” பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதல் பேச்சே, “டிரான்ஸ்பர் பெட்டியைப் பிரிக்கணும் சார்.” பெட்டியைப் பிரிப்பது என்றால் ஒரு பருவத்து மிச்சம் அதோடு போகும், வேலை நடக்கிற வாரமும் போகும். வங்கியில் கணக்கு ஒத்துவராவிட்டால் நாங்கள் பேரேட்டையே மாற்றச் சொல்ல மாட்டோம். முதலில் கூட்டலைச் சரிபார்ப்போம், பிறகு வவுச்சரை. அதே ஒழுங்குதான் இங்கேயும். செலவில்லாத சோதனைகள் முதலில், பிரிப்பது கடைசியில். லீவர் தகராறில் பெரும்பகுதி பெட்டிக்கு வெளியே இருக்கிறது என்பது என் அனுபவம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன

1940களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை மும்பையில் கோத்து விற்கத் தொடங்கியது மகிந்திரா. அந்தப் பரம்பரையில் வந்ததுதான் சி.ஜே. 3பி. பிறகு 1980களில் பெஜோ டீசல் எஞ்சினோடு எம்.எம். 540 வந்தது. வில்லிஸ் ஜீப்பில் இருந்தது ஸ்பைசர் 18 என்ற இரும்புப் பெட்டி. கியர் பெட்டியின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் அதைத்தான் டிரான்ஸ்பர் கேஸ் என்கிறோம். மெயின் கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டை லீவர்கள் இருந்தால் உங்கள் வண்டி இந்த வகை. ஒன்று முன் அச்சுக்கு இழுவையைச் சேர்க்கவும் விலக்கவும். மற்றொன்று ஹை, நியூட்ரல், லோ. எந்தப் பக்கம் தள்ளினால் எது என்பது டேஷ்போர்டில் திருகியிருக்கும் சின்னத் தகட்டில் இருக்கும். பெயின்ட் பூசி மறைத்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். புது வண்டிகளில் ஒரே லீவரோ, சுவிட்சோ இருக்கலாம். அவற்றுக்கும் கீழே சொல்லும் வெளிச்சோதனைகளில் பலவும் பொருந்தும்.

லோ போட்டால் வேகம் ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காகக் குறையும். இழுவை அதே அளவுக்குக் கூடும். ஸ்பைசர் 18இல் அந்தக் கணக்கு 2.46.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இந்தப் பெட்டியில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டவுடன் இரண்டு அச்சும் ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகள் மாதிரி. ஒன்று ஒரு அடி முன்னே போக நினைத்தாலும் மற்றது விடாது.

பழுதே இல்லாத பழுது

“லோ லீவர் அசையவே மாட்டேங்குது” என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, “முன் லீவரைப் போட்டீங்களா?” என்பதுதான். இரண்டு லீவரின் தண்டுகளுக்கும் நடுவே ஒரு சின்ன உருளைப் பூட்டு இருக்கிறது. முன் அச்சைச் சேர்க்காமல் லோ போட அது விடாது. லோவில் பெருகி வரும் இழுவை முழுவதும் பின் அச்சு ஒன்றின் மேலேயே இறங்கினால் அச்சு முறியும் என்பதால் வைத்த பாதுகாப்பு அது. எடுக்கும்போதும் இதே பூட்டுதான்: முதலில் லோவிலிருந்து ஹைக்கு வாருங்கள், பிறகு முன் லீவரை எடுங்கள். இந்த வரிசை தெரியாமல் லீவரை மிதித்து வளைத்தவர்கள் உண்டு.

ஒருமுறை பிரித்து மாட்டிய வண்டியில் முன் லீவர் போடாமலே லோ விழுகிறது என்றால், மாட்டும்போது அந்த உருளையைத் தொலைத்துவிட்டார்கள் அல்லது வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள் என்று பொருள். எளிதாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பாரம் ஏற்றி வரப்பு ஏறும்போதுதான் அதன் விலை தெரியும்.

ஹை, லோ மாற்றம் ஓடும்போது செய்கிற காரியமல்ல. உள்ளே சின்க்ரோ கிடையாது. வண்டி முழுக்க நிற்க வேண்டும், கிளட்ச் அமுக்கியிருக்க வேண்டும். பல்லோடு பல் முட்டி நின்றால் பலத்தைக் காட்டாமல், மெயின் கியரைப் போட்டு கிளட்சை ஒரு நொடி லேசாக விட்டுத் திரும்ப அமுக்குங்கள். பல் கொஞ்சம் திரும்பியதும் தானாக விழும். முன் லீவரை மட்டும், நேராக மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுப் போடலாம். பின் சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்போது போட்டால் பல் தெறிக்கும்.

நறநற சத்தம் கேட்டால் பெட்டியைச் சந்தேகிப்பதற்கு முன் கிளட்சைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஓட, கிளட்சை முழுக்க அமுக்கி மனதுக்குள் ஐந்து எண்ணி ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸும் நறநறத்தால் கிளட்ச் முழுசாக விலகவில்லை. பெடலில் ஏறக்குறைய ஒரு அங்குலம் லூஸ் வைத்து லிங்கை முறைப்படி சரிசெய்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும்.

போட்ட லீவர் வர மறுத்தால்

நம் குழுவில் மணல்மேடு பக்கத்து நண்பர் ஒருவர். சித்திரையில் எரு அடித்துவிட்டுத் தார் ரோட்டிலேயே ஃபோர் வீலை எடுக்காமல் வீட்டுக்கு வந்தார். வந்து எடுத்துப் பார்த்தால் லீவர் கல்லாட்டம் நிற்கிறது. பட்டறை ஒன்றில் பெட்டி போய்விட்டது என்று சொல்லி, ஒரு ஏக்கர் சம்பாவின் மிச்சத்தை மதிப்பீடாகக் கொடுத்திருக்கிறார்கள். “சார், வித்துடலாமா?” என்று போன் பண்ணினார். “அண்ணே, முதல்ல பத்தடி நேரா ரிவர்ஸ் போங்க. போகும்போதே லீவரை லேசாத் தட்டுங்க” என்றேன். கையோடு வந்துவிட்டது.

காரணம் இதுதான். வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன. அதாவது முன் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. அதனால் தண்டுகள் கயிறு முறுக்கேறுவது போல முறுக்கேறி, பெட்டிக்குள் பற்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. லீவரை எத்தனை பேர் இழுத்தாலும் வராது. முறுக்கை அவிழ்த்தால் ஒரு விரலில் வரும். நேராக ரிவர்ஸ் போவது ஒரு வழி. பக்கத்தில் ஈர மண் இருந்தால் அதில் இறக்கி ஓட்டுவது இன்னும் நல்லது.

பலரும் கவனிக்காத ஒன்று: இந்தத் தகராறு மழைக்காலத்தைவிடக் கோடையில்தான் அதிகம். நாம் எரு அடிப்பது சித்திரை, வைகாசியில். அப்போது நம் வயல் பாளம் பாளமாக வெடித்து சிமென்ட் களம் மாதிரிக் கிடக்கும். “பாரம் இருக்கு, எதுக்கும் போட்டு வைப்போம்” என்று ஃபோர் வீல் போடுவார்கள். அது தார் ரோட்டில் போடுவதற்குச் சமம். காய்ந்த தரையில் ஃபோர் வீல் வேண்டவே வேண்டாம்.

ரிவர்ஸிலும் வரவில்லை என்றால் முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் முறுக்கு அவிழும். ஆனால் சக்கரம் திடீரென்று உதறிச் சுற்றும். கையும் காலும் அருகில் இருக்கக் கூடாது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின் தண்டில் இருக்கிறது. பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்ற, வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறோமே என்று நம்பி அடியில் படுக்காதீர்கள். அதேபோல ஹை, லோ லீவர் நியூட்ரலில் நின்றுவிட்டால், மெயின் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. வாய்க்கால் கரையில் நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

டயர் என்னும் கணக்கு

அந்த மணல்மேடு நண்பருக்கு அதே தொல்லை நேரான ரோட்டிலும் திரும்ப வந்தது. போய்ப் பார்த்தேன். முன்னால் இரண்டும் புது டயர், பின்னால் இரண்டும் பட்டன் தேய்ந்த மொட்டை. 6.00-16 டயர் புதிதாக இருக்கும்போது குறுக்களவு சுமார் 73 செ.மீ. என்றால், ஒரு சுற்றுக்கு 229 செ.மீ. ஓடும். பட்டன் ஒரு செ.மீ. தேய்ந்தால் குறுக்களவு 71. சுற்றளவு ஆறு செ.மீ.க்கு மேல் குறையும். ஆறு செ.மீ.தானே என்று தோன்றும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 436 சுற்றுச் சுற்றுகிறது. பெருக்கிப் பாருங்கள்: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் கிலோமீட்டருக்கு 27 மீட்டர் வித்தியாசம்! அத்தனையும் முறுக்காக ஏறும். பின்னால் பாரமும் ஏற்றி, காற்றும் குறைவாக இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

அளப்பது சுலபம். களத்தில் வண்டியை நிறுத்தி, டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று தள்ளி, டேப்பால் அளங்கள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியே. பாரம் ஏற்றி ஒருமுறை, ஏற்றாமல் ஒருமுறை. வித்தியாசம் இரண்டு செ.மீ.க்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. அதற்கு மேல் போனால் முதலில் காற்று, பிறகு டயர். ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றி மாற்றிப் போட்டு வந்தால் ஐந்தும் ஒரே மாதிரி தேயும். நண்பர் அடுத்து டயர் வாங்கும்போது நான்காக வாங்கினார். அதன் பிறகு லீவர் பற்றி அவரிடமிருந்து போன் இல்லை.

டயர் சரியாக இருந்தும் நேர் ரோட்டில் முறுக்கு ஏறுகிறது என்றால், முன் பின் அச்சுகளின் விகிதத்தைப் பாருங்கள். பழைய வண்டிகளில் யாரோ ஒருவர் எப்போதோ வேறு மாடல் ஹவுசிங்கை மாட்டியிருப்பார். இரண்டு குட்டை லீவர்களையும் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். கட்டைகளை நன்றாகக் கொடுத்து, ஒரு அச்சில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். மற்ற சக்கரம் தரையில் நிற்க, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பிராப்பல்லர் தண்டு எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதுவே அந்த அச்சின் விகிதம். பின் அச்சைப் பார்க்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். எனவே கட்டைதான் காவல். சி.ஜே. 3பியில் 5.38, அதாவது ஐந்தேகால் சுற்றுக்குச் சற்று மேல். முன்னும் பின்னும் ஒரே எண் வராவிட்டால் அந்த வண்டியில் ஃபோர் வீல் போடவே கூடாது.

லீவர் விழுகிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை

இதற்குப் பெரும்பாலும் பெட்டி காரணமல்ல. முன் சக்கரத்தின் நடுவில் திருகுகிற பூட்டு உள்ள வண்டியா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ‘லாக்’கில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகியிருந்தால் இழுவை அந்தச் சும்மா இருக்கிற பக்கமே ஓடிவிடும். சேறு புகுந்து பூட்டு பாதியில் நிற்பதும் உண்டு.

தானாகத் தெறித்து வந்தால்

பாரத்தில் ஏறும்போது லீவர் தானாகக் கழன்று வருவது வேறு வியாதி. இதற்கும் முதலில் வெளியே பாருங்கள். மிதியடியின் ஓரம் லீவரை அழுத்துகிறதா? சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன். அடுத்து, பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங். அது கிழிந்திருந்தால் பாரத்தில் பெட்டி முறுக்கித் திரும்பும். லீவர் தரைத் தகட்டின் ஓட்டையில் இடித்து வெளியே வரும். ஒருவர் கிளட்சை மெதுவாக விட, இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று பெட்டி எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்க வேண்டாம்.

பிறகு லீவரின் அடி முள். சாண நீர் தெறித்துக் காய்ந்தால் சிமென்ட் மாதிரி பிடிக்கும். அதனால் லீவர் முழு தூரமும் போகாமல் பல் பாதிதான் கோக்கும். பாரம் வந்ததும் தெறிக்கும். எரு அடித்த அன்று மாலையே அடிப்பக்கத்தைக் கழுவி, முள்ளுக்கு கிரீஸ் கொடுங்கள். சந்தேகம் தீர ஒரு நல்ல சோதனை: லீவரைத் தண்டிலிருந்து கழற்றிவிட்டு, தண்டை மட்டும் ஸ்பேனரால் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். லேசாகப் போய் ‘டக்’கென்று உட்கார்ந்தால் குறை லீவரில். தண்டே இறுக்கமாக இருந்தால் குறை உள்ளே. ‘டக்’கென்ற பிடிப்பே இல்லாமல் வழவழவென்று போனால், தண்டைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்துவிட்டன. ஸ்பைசர் 18இல் இவை முன் மூடியின் இருபுறமும் வெளியிலிருந்தே கழற்றும் திருகுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. பெட்டியை இறக்காமலே மாற்றலாம். இரண்டு ஸ்பிரிங், இரண்டு குண்டு, அவ்வளவுதான். திருகைக் கழற்றும்போது அடியில் கிண்ணம் பிடியுங்கள். குண்டு சேற்றில் விழுந்தால் கிடைக்காது.

எண்ணெய் சொல்லும் சேதி

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டு அளவுத் திருகைக் கழற்றினால் எண்ணெய் ஓட்டையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். பெட்டி ஒன்றரை லிட்டர்தான் பிடிக்கும்; கால் லிட்டர் குறைந்தாலே பெரிய குறை. கியர் பெட்டி எண்ணெய் தேய்ந்த சீல் வழியாக இங்கே இறங்கிவிடுவது இந்த வண்டிகளின் பழைய குணம். ஆகவே இரண்டு பெட்டியையும் சேர்த்தே பாருங்கள். எண்ணெய் பால் போட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான பெட்டி வாய்க்கால் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மேலே உள்ள மூச்சுத் துவாரம் சேறு அடைத்திருந்தால் இது நிச்சயம் நடக்கும். ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய ஒரு நிமிடம்.

வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிற மை மாதிரி இருந்தால் வயதுக்கு உரிய தேய்மானம். பொன்னிறத் துகள் மினுக்கினால் வெண்கல வாஷர் தேய்கிறது. நகத்துண்டு மாதிரி இரும்புச் சில் வந்தால் பல் உடைந்திருக்கிறது. இந்த இரண்டு சேதி வந்தால்தான், அல்லது பிராப்பல்லர் மாட்டும் தட்டை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் கண்டால்தான், பெட்டியைப் பிரிக்கச் சொல்வேன்.

வடித்த எண்ணெய் என்ன ஆகிறது என்பதில் நமக்குத் தனிப் பொறுப்பு உண்டு. சிலர் கரையானுக்கு நல்லது என்று கொட்டகைக் காலுக்குப் பூசுகிறார்கள். சிலர் வேலியோரம் கொட்டிவிடுகிறார்கள். மழைக்கு அது வாய்க்காலுக்கும், அங்கிருந்து நாற்றங்காலுக்கும் வரும். பத்து வருஷம் ரசாயனம் தொடாமல் காத்த மண்ணில் கறுப்பு எண்ணெயை விடுவதில் நியாயமில்லை. டப்பாவில் பிடித்து மூடி வையுங்கள், பழைய எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். ஒழுகும் சீலையும் இதே காரணத்துக்காக உடனே மாற்றுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் அட்டை விரித்து வைத்தால் காலையில் எங்கிருந்து சொட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும் என்றால், பட்டறையில் விடும்போது நீங்கள் கண்டதைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த லீவர், பாரத்திலா வெறுமனேயா, ஏறும்போதா இறங்கும்போதா, எண்ணெய் என்ன நிறம். மாற்றிய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சின்ன உருளைப் பூட்டு திரும்ப மாட்டப்பட்டதா என்பதை வண்டியை எடுக்குமுன் அங்கேயே சோதியுங்கள்: முன் லீவரை எடுத்துவிட்டு லோவைத் தள்ளிப் பாருங்கள், விழக் கூடாது. வேலை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை ஈர மண்ணில் இறக்கி இரண்டு லீவரையும் போட்டு எடுத்து, ஐம்பதடி ஓட்டி வையுங்கள்.